சோடாவும் பட்டு நூலும்: காஞ்சிபுரத்துச் சாயத் தொழிலும் குழந்தைகளின் உணவுக்குழாயும்

கச்சாப் பட்டு இழையைச் சுற்றி இயற்கையாகவே ஒரு பசை படிந்திருக்கும். பட்டுப்புழு கூடு கட்டும்போது இரண்டு நுண்ணிழைகளை ஒட்டவைப்பதற்காகச் சுரக்கும் செரிசின் என்னும் அந்தப் பசை நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை இருப்பதால், அதை நீக்காத நூலில் மென்மையும் பளபளப்பும் வருவதில்லை. சாயமும் சீராக ஏறுவதில்லை. கர்நாடகத்தின் ராமநகரம், சிட்லகட்டா போன்ற சந்தைகளிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வரும் பட்டு, தறிக்குப் போகும் முன்னர்ச் சோப்பும் சலவைச் சோடாவும் கரைத்த கொதிநீரில் வேகவைக்கப்படுவது இதனால்தான். பசை நீங்கிய சிட்டங்களைக் கழிகளில் மாட்டிச் சாயத்தொட்டியில் தோய்த்துத் திருப்பும்போது, சாயம் நூலைப் பற்றிக்கொள்வதற்காக அசிட்டிக் அமிலமோ நீர்த்த கந்தக அமிலமோ சேர்ப்பது வழக்கம். இவ்வாறு ஒரு பட்டுச் சேலை உருவாகும் வழியில் முதலில் ஒரு காரமும் பின்னர் ஓர் அமிலமும் இடம்பெறுகின்றன. காரம் என்று இங்கே சொல்லப்படுவது, சோடாவையும் சுண்ணாம்பையும் போல நீரில் கரைந்தால் வழவழப்பாகவும் தோலை அரிப்பதாகவும் இருக்கிற, அமிலத்துக்கு எதிரான வேதிப்பண்பு கொண்ட பொருள்களையே. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் தறிக்குழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சாயப் பட்டறைகள் பலவும் குடியிருப்பை ஒட்டியே அமைந்தவை. வீடும் தொழிற்கூடமும் ஒன்றாயிருக்கும் இந்த அமைப்பு காஞ்சிபுரத்தின் கலைக்கு எவ்வளவு துணைசெய்ததோ, அவ்வளவுக்கு இந்தப் பொருள்களைக் குழந்தைகளின் கைக்கெட்டும் தூரத்துக்கும் கொண்டுவந்தது. குழந்தைகளின் உணவுக்குழாய் நோய்களுடைய வரலாற்றை ஒரு நெசவு நகரத்திலிருந்து எழுதும்போது, மருத்துவமனையைவிட முன்னதாகப் பட்டறையைப் பற்றிப் பேச வேண்டியிருப்பது இந்தக் காரணத்தினால்தான்.

செயற்கைச் சாயங்கள் வருவதற்கு முன்பும் சாயக்காரர்கள் காரப் பொருள்களைப் பயன்படுத்தவே செய்தனர். சாம்பலைக் கரைத்து வடித்த நீரும், உவர்மண்ணும், கிளிஞ்சலைச் சுட்டுக் கிடைத்த சுண்ணாம்பும் அவர்களிடம் இருந்தன. அவுரியிலிருந்து நீலம் எடுக்கும் தொட்டியில் சுண்ணாம்பையும் தகரை விதையையும் சேர்த்து நொதிக்கவைக்கும் முறை தமிழ்நாட்டுச் சாயத் தொழிலில் நெடுங்காலம் இருந்தது. சுண்ணாம்பு கண்ணிலும் வாயிலும் பட்டால் கேடு செய்யக்கூடியதே எனினும், இவற்றுள் பெரும்பாலானவை வலிமை குறைந்தவை; வேண்டும்போது வேண்டிய அளவு செய்துகொள்ளப்பட்டவை. 1869-இல் அலிசரின் என்னும் சிவப்புச் சாயமும், 1897-இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனத்திலிருந்து செயற்கை நீலமும் சந்தைக்கு வரும் நிலை உருவானபின் அவுரியும் கொம்பரக்கும் சாயவேரும் படிப்படியாகப் பின்தள்ளப்பட்டன. சாயத்தோடு சேர்ந்து அதற்குத் துணையான வேதிப்பொருள்களும் செறிவான வடிவில் மூட்டையிலும் பீப்பாயிலும் வந்தன. 1936-இல் தொடங்கப்பட்ட மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனம் காஸ்டிக் சோடாவைத் தமிழ் மண்ணிலேயே செய்யத் தலைப்பட்டது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: காஸ்டிக் சோடா பட்டு இழையையே கரைத்துவிடும் என்பதால் பசை நீக்குவதற்குப் பட்டுச் சாயக்காரர்கள் சலவைச் சோடாவையே நம்புகின்றனர். காஸ்டிக் சோடாவுக்குப் பருத்தி நூலை வேகவைப்பதும் சோப்புக் காய்ச்சுவதும் அடைத்துக்கொண்ட சாக்கடையைத் திறப்பதும் வேலைகள். ஆனால் இரண்டும் வெண்ணிறமானவை. இரண்டும் சில்லறையாகத் தாளிலும் பையிலும் மடித்து விற்கப்பட்டவை. உப்பிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கண்ணால் எளிதில் பிரித்தறிய முடியாதவை.

இவற்றை விழுங்கும் குழந்தைக்கு நேர்வது என்னவென்று அறிய, உணவுக்குழாயின் அளவை நினைவில் வைத்தால் போதும். வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தத் தசைக்குழாய், பிறந்த குழந்தைக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அதன் உட்பகுதி ஒரு பென்சிலைவிடவும் குறுகலானது. அமிலம் நாவில் பட்டவுடனே சுட்டுவிடுவதால் குழந்தை பெரும்பாலும் துப்பிவிடும். விழுங்கிய சிறிதளவும் விரைவாக இறங்கி இரைப்பையையே மிகுதியாகத் தாக்கும். அது சுட்ட இடத்தில் புரதம் உறைந்து ஒரு பொருக்கு உண்டாவதால் புண் ஓரளவுக்கு மேல் ஆழமாவதும் தடைப்படும். காரமோ மணமற்றது, முதல் வாயில் அச்சுறுத்தாதது. அது கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, உணவுக்குழாயின் சுவருக்குள் ஆழமாக ஊடுருவுகிறது. முதல் சில நாட்களில் வாயில் எச்சில் வடிவதும் விழுங்கும்போது வலிப்பதும் இருந்து, பிறகு குழந்தை தேறிவிட்டதைப் போலத் தோன்றும் ஓர் இடைக்காலம் வரும். மூன்றாவது வாரத்திலிருந்து ஆறிய புண் தழும்பாகிச் சுருங்கத் தொடங்கி, முதலில் சோறும் பின்னர் கஞ்சியும் இறுதியில் பாலும் இறங்காமல் போகும். இந்தத் தழும்புச் சுருக்கமே மருத்துவ நூல்கள் குழாய் இறுக்கம் என்று குறிப்பிடும் நிலை. நடுவே வரும் அந்த நல்ல நாட்களால் ஏமாந்து சிகிச்சையைக் கைவிட்ட குடும்பங்களின் துயரமே இந்த நோயின் வரலாற்றில் மிகப் பெரும்பகுதி.

உண்ண மறுக்கும் குழந்தையைப் பற்றித் தமிழ்ச் சமூகத்துக்கெனத் தனி நோயறிவு ஒன்று இருந்தது. பாலவாகடம் எனப்படும் சித்த மருத்துவத்தின் குழந்தைநல நூல்கள் மாந்தம், கணம், கரப்பான் எனக் குழந்தை நோய்களை வகுத்து, பால் கக்குவதையும் வயிறு உப்புவதையும் உணவில் நாட்டமின்றி மெலிவதையும் பெரும்பாலும் மாந்தத்தின் கீழ் வைத்தன. நூல்வழி மருத்துவத்துக்கு வெளியே, ஊர்தோறும் வழங்கிய வழக்கம் தொக்கம் எடுத்தல். குழந்தை சாப்பிடாமல் சோர்ந்து, குமட்டி, காய்ச்சலும் கண்டால் அதன் தொண்டையிலோ வயிற்றிலோ சோற்றுப் பருக்கையோ வேறு உணவுத் துண்டோ செரிக்காமல் சிக்கியிருப்பதாகக் கொண்டு, தொக்கம் எடுப்பவரிடம் கொண்டுபோவர். அவர் வயிற்றை நீவிவிட்டு, சிலவிடங்களில் ஒரு குழலை வயிற்றின்மீது வைத்து உறிஞ்சியோ, சிலவிடங்களில் தொண்டைக்குள் விரல் விட்டோ, ஒரு சிறு துண்டை வெளியே எடுத்துக் காட்டுவார். வயிற்றின் தோலுக்கு மேலிருந்து உள்ளே இருக்கும் உணவை உறிஞ்சி எடுக்க உடலமைப்பில் வழியில்லை. தொண்டைக்குள் விடப்படும் விரல், அங்கே ஏற்கெனவே புண் இருந்தால் அதைக் கிழிக்கவும், சிக்கிய பொருளை மூச்சுக்குழாயின் பக்கம் தள்ளவும் கூடும். ஆயினும் இந்த வழக்கத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. விழுங்கும் பாதையில் ஏதோ தடையிருக்கிறது, அதை வெளியே எடுக்க வேண்டும் என்னும் அதன் அடிப்படை எண்ணம் சரியானதே. சாதாரணக் காய்ச்சலும் செரிமானக் கோளாறும் இரண்டு மூன்று நாட்களில் தாமே அடங்குவதால் தொக்கம் எடுத்தபின் பெரும்பாலான குழந்தைகள் தேறியதும் உண்மை. கேடு நேர்ந்தது எஞ்சிய சிலருக்கு. ஆறாம் மாத அளவில் அன்னப்பிராசனம் என்னும் முதல் சோறூட்டும் சடங்குக்குப் பிறகு, திட உணவு தொடங்கியவுடன்தான் பிறவியிலேயே குறுகிய உணவுக்குழாய் தன்னை வெளிக்காட்டும். சோடாவால் வெந்த குழாயும் திட உணவையே முதலில் தடுக்கும். இத்தகைய குழந்தைக்கு வாரந்தோறும் தொக்கம் எடுத்துக்கொண்டிருந்த மாதங்கள், இறுக்கம் கெட்டிப்பட்டு எடை சரிந்த மாதங்களாகவே முடிந்தன.

தடையைக் கண்ணால் காணும் வழி மேற்கிலும் நெடுங்காலம் இருந்ததில்லை. 1674-இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை திறக்க மறுக்கும் நோயாளி ஒருவருக்குத் திமிங்கல எலும்பின் நுனியில் பஞ்சுபோன்ற கடற்காளானைக் கட்டி உள்ளே தள்ளி உணவை இறக்கிய முறையை எழுதிவைத்தார். அது முற்றிலும் கைத்தடவலால் நடந்த சிகிச்சை. 1868-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியாக நேரான குழாயை இறக்கி இரைப்பையைப் பார்க்க முயன்றார். 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறிந்த மறு ஆண்டிலேயே, ஹார்வர்டில் மாணவராயிருந்த வால்டர் கேனன், பிஸ்மத் கலந்த உணவை விலங்குகளுக்கு ஊட்டி அது உணவுக்குழாயில் இறங்குவதைக் கதிர்ப்படத்தில் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். இன்று குழந்தைக்குப் பேரியம் பாலைக் குடிக்கவைத்து எடுக்கும் படத்துக்கு மூலம் அந்த ஆய்வே. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பார்னார்ட் கதிரியக்க நிலையம் 1934-இல் திறக்கப்பட்டபோது, ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலிருந்த காஞ்சிபுரத்துக்கு இந்தப் பார்வை ஒரு நாள் பயணத்தில் எட்டக்கூடியதாயிற்று.

சுருங்கிய குழாயை விரிக்கும் முயற்சியில்தான் பட்டு மருத்துவத்துக்குள் எதிர்பாராத வகையில் நுழைகிறது. மெழுகிலும் ரப்பரிலும் செய்த கூம்பு நுனிக் குச்சிகளை வாய்வழியே தள்ளி இறுக்கத்தைச் சிறிது சிறிதாக அகலப்படுத்துவது பழைய முறை. பாதை கோணலாகவும் ஊசித்துளை அளவாகவும் இருக்குமிடத்தில் அந்தக் குச்சி வழிதவறிச் சுவரைத் துளைத்துவிட்டால் நெஞ்சறைக்குள் சீழ் பரவிக் குழந்தை இறந்துவிடும். இதற்கு மாற்றாக, அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஹென்றி பிளம்மர் 1910-இல் எழுதிய கட்டுரையொன்றில், முறுக்கிய பட்டு நூலை நோயாளி பல மணி நேரம் சிறிது சிறிதாக விழுங்கும்படி செய்து, அது குடல்வரை சென்று பிடிமானம் கொண்டபின், இழுத்துப் பிடித்த அந்த நூலின்மீதே குச்சியைச் செலுத்தும் முறையை விளக்கினார். நூல் வழியை அறிந்திருப்பதால் குச்சி தவறுவதில்லை. 1924-இல் அமெரிக்க மருத்துவர் கேப்ரியல் டக்கர் இந்தக் கருத்தைக் குழந்தைகளுக்கு ஏற்றதாக மாற்றினார்: இரைப்பையில் வயிற்றுச் சுவர் வழியாக ஒரு துளையிட்டு, அதன் வழியே குழந்தைக்குப் பாலூட்டியபடியே, மூக்கில் நுழைந்து உணவுக்குழாய் வழியாக வயிற்றுத் துளையில் வெளிவரும் நூலை வளையமாகக் கட்டி விட்டுவைத்து, ஒவ்வொரு முறையும் அந்த நூலின் முனையில் விரிப்பானைக் கட்டிக் கீழிருந்து மேல்நோக்கி இழுத்தார். இறுக்கத்துக்கு மேலே குழாய் பைபோல விரிந்திருப்பதால் மேலிருந்து வருவது தடுமாறும். கீழேயோ குழாய் புனல்போல் கூம்புவதால் விரிப்பான் தானே வழியைக் கண்டுகொள்ளும். மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நூல் வளையத்தோடு வாழ்ந்த குழந்தைகள் பலர். கம்பி வழிகாட்டிகளும் காற்றூதி விரிக்கும் பலூன்களும் வந்த பின்னும், ஒரு மெல்லிய வழிகாட்டி முன்னே சென்றபின்தான் விரிப்பான் செல்ல வேண்டும் என்னும் நெறி மாறவில்லை. பசை நீக்கி முறுக்கேற்றிய பட்டு நூல், அறுத்த உடலைத் தைக்கும் இழையாகவும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அறுவை அரங்குகளில் இருந்தது. சேலைக்கு வேண்டிய வலிமையும் வழவழப்பும் உடலுக்குள்ளும் பயன்பட்டன என்பது, அந்த நூலைப் பதப்படுத்தும் சோடாவே சில குழந்தைகளின் குழாயைச் சுருக்கியது என்பதோடு சேர்த்து எண்ணத்தக்கது.

டக்கரின் ஆசானான செவாலியர் ஜாக்சன், வாய்வழியே உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் பார்க்கும் கருவிகளைச் செம்மைப்படுத்தியவர். அவர் குழந்தைகளிடமிருந்தும் பெரியவர்களிடமிருந்தும் எடுத்த நாணயம், ஊக்கு, எலும்பு முதலிய 2,374 பொருள்கள் ஃபிலடெல்ஃபியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. அவருடைய பெருமை அந்தத் தொகுப்பில் மட்டும் தங்கியிருப்பதாகக் கொள்ளக்கூடாது. 1938-இல் வெளிவந்த தன்வரலாற்றில், காரம் விழுங்கியதால் தண்ணீரும் இறங்காமல் வந்த ஏழு வயதுச் சிறுமியின் குழாயில் அடைத்திருந்த பொருளை எடுத்தபின், அவள் ஒரு மிடறு தண்ணீர் இறங்குவதை உணர்ந்து அவருடைய கையை முத்தமிட்டதை அவர் பதிவுசெய்கிறார். அக்காலத்து அமெரிக்க வீடுகளில் சோப்புக் காய்ச்சவும் சாக்கடையைத் திறக்கவும் வைத்திருந்த காஸ்டிக் சோடா, எச்சரிக்கை எதுவுமின்றிச் சமையலறைப் பொருள்போல விற்கப்பட்டது. விரித்து விரித்து மாளாத நிலையில், குழந்தைகள் அதை விழுங்காமல் தடுப்பதே சிகிச்சை என்று ஜாக்சன் முடிவுசெய்து, உற்பத்தியாளர்களின் எதிர்ப்பையும் தாண்டிப் பல ஆண்டுகள் பரப்புரை செய்ததன் விளைவாக, 1927 மார்ச் 4 அன்று அமெரிக்க அரசு இத்தகைய பொருள்களின் மீது நஞ்சு என்னும் சொல்லும் முறிவு முறையும் அச்சிடப்பட வேண்டும் எனச் சட்டமியற்றியது. குழந்தைகளின் உணவுக்குழாயைக் காத்த தனியொரு செயலைச் சொல்லும்படி கேட்டால், எந்த அறுவைச் சிகிச்சையையும்விட இந்த அட்டையொட்டும் சட்டத்தையே முதலில் சொல்லத் தோன்றும்.

அறுவைச் சிகிச்சையின் வளர்ச்சியும் அதற்குரிய பெருமை கொண்டதே. மேல்பாதி முட்டுச்சந்தாக முடிந்து, கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு இணைந்தபடி பிறக்கும் குழந்தைகளை 1697-இலேயே தாமஸ் கிப்சன் தெளிவாக விவரித்திருந்தும், அந்த இரு முனைகளையும் ஒரே அறுவையில் இணைத்துக் குழந்தையைப் பிழைக்கவைத்தவர் 1941-இல் மிச்சிகனின் கேமரன் ஹெய்ட். ஏறத்தாழ 3,000 முதல் 4,500 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் நேரும் இந்தக் குறையைப் பிறந்த அன்றே கண்டறிய, வாய்வழியே ஒரு மெல்லிய குழாயை விட்டு அது 10 சென்டிமீட்டரளவில் நின்றுவிடுகிறதா என்று பார்ப்பதே இன்றும் முதற்சோதனை. காஞ்சிபுரத்துக்கு மேற்கே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் நெஞ்சறை அறுவைத் துறையைத் தொடங்கியதும், கிழக்கே சென்னை எழும்பூரில் 1960களின் இறுதியில் எஸ்.டி. ஆச்சாரின் முயற்சியால் குழந்தைகளுக்கெனத் தனி அரசு மருத்துவமனை எழுந்ததும், தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கப்பட்டதும் இந்த நகரத்துக் குழந்தைகளுக்கு மூன்று திசைகளில் வழி திறந்தன. காரமும் அமிலமும் உண்டாக்கிய புண்ணை உள்நோக்கியால் பார்த்து எந்தக் குழந்தைக்கு இறுக்கம் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் படிநிலை வகைப்பாடு இந்தியாவிலிருந்தே உலகுக்குக் கிடைத்தது. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தில் எஸ்.ஏ. சர்காரும் உடன்பணியாற்றியோரும் 1991-இல் வெளியிட்ட அந்த வகைப்பாட்டின்படி, மேலோட்டமான புண் தழும்பின்றி ஆறும். குழாயைச் சுற்றிவளைத்த ஆழ்ந்த புண்ணும் கருகிய புண்ணும் இறுக்கத்தில் முடிய வாய்ப்பு மிகுதி. இதைப் பார்க்க உகந்த நேரம் விழுங்கிய முதல் 24 முதல் 48 மணி நேரம். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது காரத்தை இரண்டாம் முறையும் அதே குழாய் வழியே ஏற்றுவதாகும் என்பதால், அந்தப் பழைய கைவைத்தியம் முற்றிலும் விடப்பட வேண்டியது.

ஜாக்சனின் சட்டம் கடைப் பொருளைக் காத்தது. வீட்டுப் பட்டறையை எந்தச் சட்டம் காப்பது என்னும் கேள்வி இந்தியாவில் நீண்டகாலம் திறந்தே கிடந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசையுடன் 10 பேரோ அது இல்லாமல் 20 பேரோ வேலைசெய்யும் இடத்தையே தொழிற்சாலையாகக் கொண்டதால், தகப்பனும் தாயும் அண்ணனும் சேர்ந்து நூல் தோய்க்கும் கொட்டகை அதன் கண்ணில் படவில்லை. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் துணிக்குச் சாயமிடுவதையும் நெசவையும் தீங்கான தொழில்களின் பட்டியலில் சேர்த்துவிட்டு, அதே மூச்சில், குடும்பத்தாரின் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்களித்தது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் முன்பணக் கடனுக்காகக் கட்டுண்டு உழைத்த சிறுவர்களின் நிலையை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் அறிக்கையாக வெளியிட்டது. வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையைப் பற்றி அதன் பிறகேனும் பேச்சு எழுந்தது. வேலையே வீட்டுக்குள் இருக்க, தொட்டிலிலிருந்து இறங்கித் தவழ்ந்துவரும் இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்கு விதித்த கட்டுப்பாடுகள் அமில வீச்சைத் தடுக்கப் பிறந்தவை. வாங்கிவந்த அமிலத்தையோ சோடாவையோ குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றித் தரையில் வைக்கும் பழக்கத்தை அவை தொடவில்லை. காலிக் குளிர்பானப் பாட்டில்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின் இந்தப் பழக்கம் பெருகியதேயன்றிக் குறையவில்லை. தாகத்தோடு வரும் குழந்தைக்கு அந்தப் பாட்டிலின் வடிவமே அழைப்பாகிவிடுகிறது.

உணவுக்குழாய் என்னும் உறுப்பைக் காஞ்சிபுரம் மறக்க முடியாத ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. இந்நகரின் நெசவாளர் குடும்பமொன்றில் 1909-இல் பிறந்து தமிழ்நாட்டின் முதலமைச்சரான அண்ணா, அந்த உறுப்பின் புற்றுநோய்க்காக 1968-இல் நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை பெற்றுத் திரும்பி, 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அதே ஆண்டில் காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. குழந்தைப் பருவக் காரப் புண்ணுக்கும் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் மருத்துவத்தில் ஒரு தொடர்பு இருக்கிறது: சோடா விழுங்கிய குழந்தையின் தழும்பேறிய குழாயில் பல பத்தாண்டுகள், பெரும்பாலும் ஏறத்தாழ 40 ஆண்டுகள், கழித்துப் புற்று தோன்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆகவே இறுக்கம் விரிக்கப்பட்டு நன்றாக உண்ணத் தொடங்கிய குழந்தையின் மருத்துவக் குறிப்பு, அது பெரியவராகி மணமுடித்துப் பிள்ளைகள் பெற்ற பின்னும் பாதுகாக்கப்பட வேண்டிய ஆவணம்.

இப்போது அதே காரப் புண் சாயப் பட்டறைக்குத் தொடர்பில்லாத வீடுகளிலும் காணப்படுகிறது. பொம்மையிலும் ரிமோட்டிலும் எடைக் கருவியிலும் இருக்கும் காசளவு பொத்தான் பேட்டரி, குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான சுவர் வழியாக மின்னோட்டம் பாய்ந்து அதன் எதிர்மின் முனையில் ஹைட்ராக்சைடை உண்டாக்குகிறது; காஸ்டிக் சோடாவை விழுங்கியதற்கு நிகரான அரிப்பு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். எக்ஸ்ரேயில் நாணயத்தின் விளிம்பு ஒற்றைக் கோடாகவும் பேட்டரியின் விளிம்பு உள்ளும் புறமும் இரட்டை வளையமாகவும் தெரிவதால் இரண்டையும் பிரித்தறியலாம். பேட்டரியானால் விடியும்வரை காத்திருக்க இடமில்லை. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்கும் நிலையில் இருந்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் வீதம் ஆறு முறைவரை கொடுப்பது அரிப்பின் வேகத்தைத் தணிக்கிறது. வீட்டில் தேன் இல்லையென்றால் அதைத் தேடி நிற்காமல் உடனே புறப்பட வேண்டும்.